நிழல் ஏறிய வாரம்

ஐப்பசி 5, செவ்வாய்

இன்று பத்து மணிக்குக் கண்ணில் ஊசி போட்டார்கள். முழிக்குள்ளே இல்லையாம், முழியை ஒட்டி ஓரத்தில். மரத்துப்போக முதலில் சொட்டு விட்டார்கள். ஆனாலும் ஊசி வருவது தெரிந்தது. பார்க்கிற கண்ணிலேயே ஊசி போட்டால் தெரியாமல் எப்படி இருக்கும். எனக்குப் பார்க்கிற கண் அது ஒன்றுதான். இடது கண் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. யாரால் போனது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள்.

"பாட்டி, கண்ணுக்குப் பின்னால படம் விழுகிற தோல் ஒண்ணு இருக்கு. சுவத்துல ஒட்டின தாள் மாதிரி. அது மேலருந்து கழண்டுக்கிட்டு வருது. சாதாரணமா இருந்தா நாளைக்கே ஆபரேஷன் பண்ணிருவேன். ஆனா உங்க கண்ணுக்குள்ள வீக்கம் இருக்கு, முழி காத்து எறங்கின பந்து மாதிரி தொய்ஞ்சு கெடக்கு. இப்பக் கை வச்சா ஒட்டினது நிக்காது. இந்த ஊசி வீக்கத்தை இறக்கும். மாத்திரையும் தர்றேன். திங்கக்கிழமை வாங்க."

என்ன ஊசி என்று கேட்டேன். ஸ்டீராய்டு என்றாள். அந்தப் பேர் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கம்பவுண்டர் மூட்டுவலிக்கு அதைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுத்துப் பாதி ஊரின் முகத்தை ஊத வைத்தான். அதைச் சொன்னேன்.

"அது வேற கதை பாட்டி. இது அளவா, கண்ணுக்குத்தான். சக்கரை ஏறும். அதைத் தினம் பாத்துக்கோங்க."

வெளியே வந்ததும் சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். "ரூமுக்குப் போயி, கட்டில்ல உக்காந்து, எதிர்க்கக் கதவுத் தாழ்ப்பாளை நேராப் பாருங்க. கீழருந்து கறுப்பா நிழல் ஏறும். எது வரைக்கும் ஏறியிருக்குன்னு தினம் எழுதி வைங்க. தாழ்ப்பாள் மறைஞ்சதுன்னா கண்ணுல நடு போகுதுன்னு அர்த்தம். அப்பத் திங்கக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் உடனே வந்துரணும். நடு போயி நாளாச்சுன்னா, ஆபரேஷன் பண்ணினாலும் முகம் தெரியாது, எழுத்து தெரியாது. புரியுதா?" பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "கூட வந்திருக்கிறது யாரு, தங்கச்சியா?"

"ஓரகத்தி" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

அவள் சண்முகத்தாய். என் கொழுந்தன் பெண்சாதி. எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மகன் வேல்ச்சாமி மஸ்கட்டில் இருக்கிறான். மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. என்னைக் கேட்காமல் அவன் அங்கிருந்தே சித்திக்குப் போன் போட்டிருக்கிறான். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எழுதச் சொன்னது நிழலை மட்டும்தான். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத உட்கார்ந்தால் நிறுத்தத் தெரியாது. இது பேத்தியின் பழைய நோட்டு. முன்பக்கமெல்லாம் அவளுடைய கணக்கு.

நிழல்: கதவின் அடிக்கட்டை தெரியவில்லை.

ஐப்பசி 6, புதன்

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் லாட்ஜ். தரையோடு உள்ள அறை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், குளியலறையில் சிவப்பு வாளி. மழை வருவதும் நிற்பதுமாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு விட வேண்டும். நானே விட்டால் கன்னத்தில்தான் விழுகிறது. அதனால் அவள் விடுகிறாள். எப்படி என்றால், சொட்டுப் புட்டியைக் கையில் எடுத்து, புட்டியிடம் சொல்வாள்: "மணி எட்டாச்சு. மூடி தொறந்தாச்சு." நான் மல்லாந்து படுப்பேன். விட்டு முடித்ததும், "அஞ்சு நிமிஷம் முழிக்கக் கூடாதாம்" என்று ஜன்னலிடம் சொல்வாள்.

அவள் எப்போதும் இப்படித்தான். என்னிடம் சொல்ல வேண்டியதை ஆட்டுக்கல்லிடம் சொல்வாள், கோழியிடம் சொல்வாள். நான் அந்த அளவுக்கு இறங்கியதில்லை. பேசுவதில்லை என்றால் பேசுவதில்லை. சுவருக்குக்கூட என் வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது.

காரணம் இருக்கிறது. அவளுடைய மூத்த பிள்ளை ஏழு மாசக் குழந்தையாக இருந்தபோது பார்க்கப் போனேன். மாசி மாசம், வெள்ளிக்கிழமை, அவள் கத்திரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். குழந்தையைத் தூக்கி, "தளதளன்னு இருக்கானே" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். நான் வாசலைத் தாண்டி முடிப்பதற்குள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். போட்டுவிட்டு எனக்குக் கேட்கும்படி மாமியாரிடம், "ஏழு மெளகா போட்டேன் அத்தை, கொஞ்சங்கூட நெடி வரலை பாத்தீகளா" என்றாள். நெடி வராவிட்டால் கண்ணேறு என்று அர்த்தம். என் கண்தான் கெட்ட கண் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியாயிற்று. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று லாரி ஓட்டுகிறான். நெடி வராததுதான் என் நெஞ்சில் நிற்கிறது.

நிழல்: கதவின் கீழ்க் கீலுக்கு வந்திருக்கிறது.

ஐப்பசி 7, வியாழன்

காலையில் சர்க்கரை இருநூற்று எண்பது. ஊசியினால்தான். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். கண் உறுத்தவில்லை, வலிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வலித்தால் ஏதோ நடக்கிறது என்று தெரியும். இது சத்தமில்லாமல் ஏறுகிறது, மழைக்கு அடிச்சுவரில் ஓதம் ஏறுவது போல.

காப்பியில் சீனி இல்லை. அவள் டம்ளரிடம், "சீனி போடாட்டி மூஞ்சி இப்பிடித்தான் போகும். போகட்டும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இடது கண் கதையை எழுதுகிறேன் என்றேன். மிளகாய் சுற்றிப் போட்டு நாலு வருஷம் கழித்து அந்தக் கண்ணில் புகை படர்ந்தது. கண் சோதிக்க ஆஸ்பத்திரி வேன் வரும் என்று நர்ஸம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் காட்டுக்கு மிளகாய் பறிக்கப் போயிருந்தேன். சண்முகத்தாயிடம் சொல்லி, உன் அக்காவுக்குச் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் என்னிடம் சொல்லவில்லை. வேன் வந்தது, போனது. அடுத்த வேன் வருவதற்குள் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிற்று. இதை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். கோயில் கொடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். அவளுடைய மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடமும் சொன்னேன். அவள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. தப்பு இல்லாதவள் பேசாமல் இருப்பாளா.

நிழல்: தாழ்ப்பாளுக்கு இரண்டு சாண் கீழே.

ஐப்பசி 8, வெள்ளி

தாழ்ப்பாளுக்கு நாலு விரல் கீழே. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஐப்பசி 9, சனி

காலையில் தாழ்ப்பாளின் குமிழ் கோணலாகத் தெரிந்தது. தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிந்தது. பதினொரு மணிக்குப் பாதி. சாப்பாட்டுப் பொட்டலம் வந்த நேரத்தில் குமிழும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. கதவின் மேல்கட்டை மட்டும் தெரிகிறது. முகத்தைக் கீழே குனித்தால் மேலோரமாகக் கொஞ்சம் நோட்டு தெரிகிறது. அந்த இடத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறாள். வீக்கம் இறங்குவதற்குள் போனால் திருப்பி அனுப்பத்தான் போகிறாள். மழை வேறு.

சொல்வதென்றால் அவளிடம்தான் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் கழித்து என் வாயிலிருந்து அவளுக்கு வருகிற முதல் சொல், எனக்குக் கண் தெரியவில்லை என்பதாகவா இருக்க வேண்டும். அதைக் கேட்கத்தானே வந்திருக்கிறாள்.

சாப்பிடும்போது ரசக் கிண்ணத்துக்குள் விரலை விட்டுவிட்டேன். அவள் பார்த்திருப்பாள். கை கழுவப் போனவள் குளியலறையிலிருந்து வாளியிடம் சொன்னாள்:

"தாழ்ப்பாள் தெரியுதான்னு தினம் கேக்கச் சொல்லியிருக்காக சிஸ்டரு. கேட்டாச்சு."

பிறகு வாசற்படிக்கு வந்து நின்றாள். உருவம் தெரியவில்லை, தலைமுடி மட்டும் வெள்ளையாக மேலே தெரிந்தது. "பதில் வந்தாத்தான் வாளியைக் கவுத்தி வைக்கலாம்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, அது பார்க்கிறவர்கள் பாடு.

"தெரியுதாம்" என்று வாளியிடம் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

இதே குரல்தான். நர்ஸம்மா வந்த அன்றைக்கும் இப்படித்தான், சாயங்காலம், நான் மிளகாய்ச் சாக்கை இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் மயிலைப் பசுவுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே அதனிடம் சொன்னாள்: "செவ்வாக்கிழம பள்ளிக்கூடத்துக்குக் கண்ணு வேன் வருதாம். காலையில எட்டு மணிக்கு நிக்கணுமாம். ரேசன் கார்டு கொண்டு போகணுமாம். பொகை படந்த கண்ணுன்னா உடனே பாக்கணும்னு நர்ஸம்மா சொன்னாக." இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. ஒரு சொல் மாறாமல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பசுவிடம்தான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. நான் எழுதியதில் பொய் கிடையாது.

ஐப்பசி 10, ஞாயிறு

மரஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து எழுதுகிறேன். எழுத்து ஸ்கேலைத் தாண்டிக் கீழே இறங்காது.

காலையில் அவள் குடை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இட்லி வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஈரக் குடையை விரித்து வைத்துக்கொண்டே அதனிடம் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். சிஸ்டரு கேட்டாக, தாழ்ப்பாள் தெரியுதான்னு. தெரியுதுன்னு தலையாட்டினாகன்னு சொன்னேன். அப்ப நாளைக்கு வந்தாப் போதும்னாக." 

நான் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தேன்.

"ரசத்துல கைய விட்டதையும் சொன்னேன். அப்படின்னா எதுக்கும் இன்னிக்கே கூட்டிட்டு வந்து காட்டிருங்கன்னாக. நான் எப்பிடிக் கூட்டிட்டுப் போறது. கையப் பிடிச்சு இழுத்தா ஊரே திரண்டுரும்." குடையை நகர்த்திக்கொண்டே, "என்ன ஆனாலும் எம்மேலதான் வரும். அது பழகிப்போச்சு" என்றாள்.

பத்து மணிச் சொட்டு விடும்போது அவள் விரல் என் நெற்றியில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் இருந்தது. இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முழியையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். எனக்குக் கறுப்புத்தான் தெரிந்தது. மூச்சு மட்டும் முகத்தில் பட்டது. அப்போது வாயைத் திறந்திருக்கலாம். உதடுகூடப் பிரிந்தது. சொட்டு விழுந்துவிட்டது. அஞ்சு நிமிஷம் முழிக்கக் கூடாது.

அஞ்சு நிமிஷம் கழித்து அந்த எண்ணம் போய்விட்டது.

ஐப்பசி 11, திங்கள்

டாக்டரம்மா வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பிறகு, "ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு. வீக்கம் எறங்கிருச்சு" என்றாள். சந்தோஷப்படுகிற குரல் இல்லை அது. "நடு கழண்டிருக்கு. எப்ப மறைஞ்சது பாட்டி? எழுதி வச்சீங்களே, நோட்டு எங்கே?"

நோட்டை அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு மறதியே கிடையாது என்று ஊரே சொல்லும். இன்றைக்கு வந்துவிட்டது.

"இன்னிக்குக் காலையிலயா? நேத்தா?"

நான் யோசிக்கிற மாதிரி இருந்தேன்.

"சனிக்கிழமை வந்திருந்தாக்கூட அன்னிக்கே பண்ணியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவிலதான இருக்கீங்க. கூட இருக்கறவங்க எதுக்கு இருக்கீங்க? உங்ககிட்ட இவங்க சொல்லலையா?"

ஏதோ ஒரு மிஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லவேண்டியவள் நான்தான் என்பது எனக்குத் தெரியும். தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"சொன்னாகம்மா. சனிக்கிழமையே சொன்னாக. நாந்தான் மழையா இருக்கே, திங்கக்கிழமை பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு."

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றாள் டாக்டரம்மா. "அவங்களுக்கு இருக்கறதே ஒரு கண்ணு."

"ஆமாம்மா. ஒரு கண்ணுதான்" என்றாள் சண்முகத்தாய்.

அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாள். சிஸ்டரும் கேட்டாள். நான் யாரையும் கைகாட்டவில்லை.

நாளைக் காலையில் முதல் ஆளாக எனக்குத்தான் ஆபரேஷன்.

ஐப்பசி 14, வியாழன்

குப்புறப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கண்ணுக்குள் எண்ணெய் மாதிரி ஒன்றை விட்டிருக்கிறார்கள். அது எழும்பிப் பின்பக்கத் தோலைச் சுவரோடு அமுக்கிப் பிடிக்குமாம். அதற்காகப் பத்து நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். நெஞ்சுக்கடியில் தலையணை, தலை கட்டிலுக்கு வெளியே. எழுதுவதற்கு மட்டும் இது வசதி. கை தானாகப் போகிறது, ஸ்கேல் வழி காட்டுகிறது. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் கட்டு அவிழ்த்தார்கள். வெளிச்சம் தெரிகிறது. கையை ஆட்டினால் ஆடுவது தெரிகிறது. விரல் எத்தனை என்று டாக்டரம்மா கேட்டாள். மூன்று என்றேன். "சரி பாட்டி, போகப் போகப் பாக்கலாம்" என்றாள். மூன்றுதானா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. தோல் ஒட்டிவிட்டதாம். நடுவில் பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். "ரெண்டு மூணு நாள் முந்தியிருந்தா நம்பிக்கையாச் சொல்லியிருப்பேன்" என்று சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

மத்தியானம் மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். போன் சண்முகத்தாயுடையது. ஸ்பீக்கரில் போட்டு என் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்காங்க சித்தி. அந்தக் கண்ணுக்கும் அவங்கதான், இந்தக் கண்ணுக்கும் அவங்கதானா. நான் நம்பி அனுப்பினேனே. ஊருக்கு வந்தா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லு. பக்கத்துலதான இருக்காங்க, கேக்கட்டும்."

நான் என்ன சொல்வது. பிள்ளை வெளிநாட்டில் இருந்துகொண்டு கொதிக்கிறான். அவனை ஆற்ற வேண்டும்.

"விடுய்யா" என்றேன். "அவளுக்கும் வயசாயிட்டு. தெரியாம செஞ்சுட்டா. நான் அவளை மன்னிச்சுட்டேன்."

"நீ நல்லவம்மா. உன்னை மாதிரி யாரு இருப்பா" என்றான். அவன் குரல் உடைந்தது.

போனைப் பிறகு யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. நின்றுவிட்டது. மனசுக்கு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். மன்னிப்பது பெரிய காரியம். எத்தனை பேர் செய்வார்கள்.

ஐப்பசி 15, வெள்ளி

இன்று அவள் வாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மணி எட்டாச்சு என்று புட்டியிடமும் சொல்லவில்லை. தோளில் கை பட்டது, நான் திரும்பினேன், சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

களைத்துப் போயிருப்பாள்.

ஐப்பசி 16, சனி

பேச்சே இல்லை. இட்லி வருகிறது, பிய்த்து வாயருகே வருகிறது, தண்ணீரில் குழல் போட்டு வருகிறது. எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. சுவரோடு இல்லை, ஜன்னலோடு இல்லை. மழை பெய்தால், "பெய்யட்டும்" என்பாள், அதுவும் இல்லை.

இவ்வளவு நாளும் அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், அடுப்பங்கரையில், கிணற்றடியில். ஏதாவது ஒன்றிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது அறையில் இருக்கிறாளா வெளியே போய்விட்டாளா என்று தெரியவில்லை. செருப்புப் போடாமல் நடக்கிறாள் போல.

சாப்பாட்டுக்குப் பிறகு வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒருவரும் இல்லை என்று நினைத்து ஏப்பம் விட்டேன். அடுத்த கட்டில் கிறீச்சிட்டது.

ஐப்பசி 17, ஞாயிறு

காலையிலிருந்து தொண்டை வறண்டு கிடக்கிறது. தண்ணீர் கேட்க வேண்டும். அதற்காகத்தான் கூப்பிட்டேன். வேறு எதற்கும் இல்லை.

"சண்முகத்தாய்" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அந்தப் பேரை என் வாயால் சொல்லி எத்தனை காலம் ஆகிறது. பதில் இல்லை. குளியலறையில் இருப்பாள் என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். தண்ணீர்ச் சத்தம் இல்லை. தெருவில் ஆட்டோ ஒன்று போயிற்று. கீழே தரை வெளுப்பாக ஒரு கறையைப் போலத் தெரிந்தது, அதில் ஒன்றும் அசையவில்லை.

"ஏட்டி, சண்முகத்தாய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். தண்ணீர் என்றுதான் சொல்ல வந்தேன். எதற்கு அப்படி வந்தது என்று தெரியவில்லை.

வெளியேதான் போயிருக்கிறாள். சாப்பாடு வாங்க வரிசையில் நிற்பாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் கிடந்தேன். நேரம் போனது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை, என்னுடையதைத் தவிர.

அப்போது தலைக்கு மேலே, ஒரு முழ தூரத்தில், புட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

தோளில் கை பட்டது. நான் திரும்பினேன். விரல் இமையைத் தூக்கியது. வெளிச்சத்துக்கு நடுவே அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் நின்றது. அதைப் பார்த்தே, "சண்முகத்தாய்" என்றேன்.

சொட்டு விழுந்தது. குளிர்ந்திருந்தது. விரல் இமையை மூடிவிட்டுப் போயிற்று.